அழைப்பிதழ் இல்லாத பயணம்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் பயணம் செய்யாதவர்கள் என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஒரே கோடை விடுமுறைக்குள் இலண்டனில் ஒரு திருமணம், பாரிசில் ஒரு பூப்புனித நீராட்டு விழா, சூரிச்சில் ஓர் அந்தியேட்டி என மூன்று நாடுகளைத் தொட்டுத் திரும்பும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஆயினும் அவர்கள் இலண்டனில் பார்த்தது மண்டபம். பாரிசில் பார்த்தது லா சப்பல் கடைத்தெரு. சூரிச்சில் பார்த்தது உறவினர் வீட்டின் வரவேற்பறை. ஈபிள் கோபுரத்தைக் காரின் கண்ணாடியூடாகப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, மண்டபத்திற்கு நேரமாகிவிட்டதென்று விரைந்தவர்களை நாம் அறிவோம். அழைப்பிதழ் வராத ஊருக்குப் போவது எமது வழக்கத்தில் இல்லை. போன இடத்தில் சோறு போட ஒரு வீடு இல்லையெனில் அந்த ஊருக்கு எதற்காகப் போகவேண்டும் என்பதே நாம் கேட்டுப் பழகிய கேள்வி.

நாமும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறுதான் வாழ்ந்தோம். எங்களில் ஒருவர் 1985இல் யேர்மனிக்கு வந்தவர். மற்றவர் 1992இல் வந்தவர். அகதிக் குடும்பங்களில் கணவன், மனைவி என்பதைவிட முன்னே வந்தவர், பின்னே வந்தவர் என்ற பிரிவே பல விடயங்களைத் தெளிவாக விளக்கும். முன்னே வந்தவர் தொடக்க காலத்தில், தமது மாவட்ட எல்லையைத் தாண்டி அடுத்த நகரத்திலுள்ள நண்பரைப் பார்ப்பதற்குக்கூட வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டியவராக இருந்தார். தஞ்சம் கோரியோருக்கு அன்று சட்டம் அப்படி இருந்தது. அனுமதி தேவையற்ற காலம் வந்தபோது உணவகச் சமையலறை வேலை வந்தது. பிள்ளைகளின் படிப்பு வந்தது. ஊருக்கு அனுப்பவேண்டிய காசு வந்தது. சும்மா ஓர் ஊரைப் பார்ப்பதற்கென்று புறப்படும் எண்ணம் எங்களுக்கு எழவே இல்லை.

சென்ற ஆண்டு ஐப்பசியில் எமது மகள், எம்மிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், பேர்லினுக்கு இரண்டு ரயில் ரிக்கற்றுகளையும் மூன்று இரவுகளுக்கு விடுதி அறையையும் பதிவு செய்துவிட்டாள். "ஒருத்தற்றை கலியாணமும் இல்லாமல், செத்தவீடும் இல்லாமல், ஒருக்கா எங்கையாவது போட்டு வாங்கோ" என்றாள். ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டியவற்றை நேரத்துடன் குறித்த ஒரு தாளும் தந்தாள். நாம் வாழும் றூர்ப் பகுதியிலிருந்து பேர்லின் மூன்றரை மணித்தியால ரயில் பயணம். மாலையில் போய்ச் சேர்ந்து, விடுதியில் உறங்கி, மறுநாட் காலையில் எமது வாழ்க்கையின் முதலாவது 'ஊர் பார்க்கும்' நாளைத் தொடங்கினோம்.

தொடக்கமே சிறு பிணக்குத்தான். முன்னே வந்தவர், காலை உணவு மேசையில், மகள் தந்த தாளின் அடியில் பென்சிலால் 'பிரீட்றிக்ஸ்ராச ரயில் நிலையம்' என்று எழுதினார். பின்னே வந்தவர் அதைக் கண்டதும் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, நாங்கள் ஊர் பாக்க வந்தனாங்கள். நீங்கள் பட்ட பாட்டைப் பாக்க வரேல்லை. அந்தக் கதை எனக்குப் பாடம். ஒரு நாளைக்கெண்டாலும் மற்றச் சனத்தைப்போலத் திரிவம்."

"பத்து நிமிசம்தான். உமக்கு விருப்பமில்லாட்டி வெளியிலை நில்லும்."

முற்பகல் மகளின் தாளின்படி, பிற்பகல் பென்சில் எழுத்தின்படி என்று உடன்படிக்கை ஆயிற்று.

பிராண்டன்பேர்க் வாயிலைப் படத்தில் பார்க்காதவர் இந்த நாட்டில் இருக்கமாட்டார். 1788இல் தொடங்கி 1791இல் கட்டி முடித்த வாயில் அது. பன்னிரண்டு தூண்கள், உயரம் 26 மீற்றர், உச்சியிலே நான்கு குதிரைகள் பூட்டிய தேர். அந்தத் தேரை 1806இல் நெப்போலியன் கழற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோனான். 1814இல் அது திரும்பி வந்தது. கோபுரங்களும் சித்திரத் தேர்களும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அதன் உயரம் வியப்பைத் தரவில்லை. ஆனால், 1961 ஆகஸ்ட் 13இல் நகரைப் பிரிக்கத் தொடங்கிய மதில் அந்த வாயிலின் முன்னே வளைந்து போயிற்று. 1989 மார்கழி வரையில் அந்த வாயிலூடாக எவரும் போக முடியவில்லை என்பதை அறிந்தபின், தூண்களுக்கிடையே நடந்துபோவது சற்று வேறுபட்ட அனுபவமாகத்தான் இருந்தது. மதில் இருந்த இடத்தைத் தெருவிலே இரட்டை வரிசைக் கற்களால் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். பின்னே வந்தவர் அதில் ஒரு காலை மேற்கிலும் ஒரு காலைக் கிழக்கிலும் வைத்து நின்று, "எடுங்கோ" என்றார்.

படம் எடுப்பது பற்றி ஒரு சொல். எண்பதுகளில் எம்மவர் ஊருக்கு அனுப்பிய படங்களை நினைவிருப்பவர்கள் சிரிப்பார்கள். தெருவோரம் நின்ற யாரோ ஒருவருடைய காரின்மேல் கை வைத்து, இரவல் குளிரங்கியுடன் நின்று எடுத்த படங்கள் அவை. கைம் என்ற அகதி விடுதியில் எட்டுப்பேர் ஓர் அறையில் படுத்திருந்த காலத்தில், அந்தக் கார் எத்தனையோ தாய்மாருக்கு நிம்மதியான உறக்கத்தைக் கொடுத்தது. இன்று வாயிலின் முன்னே நின்றபோதும் எமது உடம்பு அதே விறைப்புடன்தான் நின்றது. படம் எடுத்து உதவிய இளைஞன், கொஞ்சம் சிரிக்குமாறு இரண்டு தடவை கேட்டுக்கொண்டான்.

வாயிலின் அருகே காவற்றுறையினர் இருவர் நின்றார்கள். அவர்கள் எம்மைப் பார்க்கவும் இல்லை. ஆயினும் முன்னே வந்தவரின் கை தானாகவே சட்டைப்பைக்குப் போயிற்று. யேர்மன் குடியுரிமை பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கைக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. பின்னே வந்தவர் கண்டும் காணாதவர்போல இருந்தார்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பாராளுமன்றக் கட்டடம். முன்கூட்டியே பெயரும் பிறந்த திகதியும் கொடுத்துப் பதிவு செய்தால், மேலேயுள்ள கண்ணாடிக் குவிமாடத்திற்கு எவரும் இலவசமாக ஏறலாம். (கட்டணம் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவும். அன்று நாம் போன மற்ற இரண்டு இடங்களும் இலவசந்தான்.) நோர்மன் பொஸ்ரர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த இந்தக் குவிமாடம் 1999இல் திறக்கப்பட்டது. உள்ளே சுருளாக ஏறும் பாதை; நடுவிலே கண்ணாடிகள் பதித்த பெரும் கூம்பு. அதற்கு நேர் கீழேதான் சட்டங்கள் இயற்றும் சபை. அவர்களின் தலைக்கு மேலே நாம் நடக்கிறோம். மாவட்டம் தாண்டக்கூடாது என்ற சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள், சட்டம் இயற்றுவோரின் தலைமேல் றோல்ஸ் பார்சலுடன் உலாவுவது நல்ல காட்சிதான்.

அந்தக் கட்டடத்தில் எம்மை நெடுநேரம் நிறுத்தியது வேறொன்று. முன்முகப்பில் 'யேர்மன் மக்களுக்கு' என்ற வாசகம் 1916இல் பொறிக்கப்பட்டது. அதே கட்டடத்தின் வடக்கு உள்முற்றத்தில், அதே எழுத்து வடிவில், 'குடிகளுக்கு' என்று பொருள்படும் வேறொரு வாசகத்தை ஹான்ஸ் ஹாக்க என்ற கலைஞர் 2000ஆம் ஆண்டில் அமைத்தார். இந்த நாட்டில் வாழ்கின்ற எல்லோருக்கும் என்பது அதன் கருத்து. அது வேண்டுமா வேண்டாமா என்று பாராளுமன்றத்திலேயே விவாதித்து, மிகச் சொற்ப வாக்குகளால்தான் ஏற்றுக்கொண்டார்கள். அந்த எழுத்துகளைச் சுற்றி மண். பாராளுமன்ற உறுப்பினர்கள் தத்தம் தொகுதிகளிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண். அதில் எதையும் நட்டுப் பராமரிப்பதில்லை. மண்ணோடு வந்த விதைகள் தாமாகவே முளைத்து வளர்கின்றன. ஊர் மண்ணைச் சிறு பொட்டலமாகக் கட்டிவந்து சாமித்தட்டின் ஒரு மூலையில் வைத்திருப்பவர்கள் எம்மிடையே பலர். பின்னே வந்தவரும் அவர்களில் ஒருவர். "எங்கடை பொட்டலத்தைத் திறந்தால் என்ன முளைக்குமோ?" என்று கேட்டார். நாயுருவி என்றோம், தொட்டாற்சுருங்கி என்றோம். சிரித்தபடி கீழே இறங்கினோம்.

ஸ்பிறே ஆற்றங்கரையில் ஒரு வாங்கிலிருந்து றோல்சும் பிளாஸ்க்கில் கொண்டுவந்த தேநீருமாக மதிய உணவு முடிந்தது. பின்னர் பென்சில் எழுத்தின் முறை வந்தது.

இளைய வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்கவேண்டும். 1983 ஆடிக்குப் பின்னர் யேர்மனிக்கு வந்த தமிழர்களில் பெருந்தொகையானோருக்கு வாசலாக இருந்தது கிழக்கு பேர்லின். மொஸ்கோ ஊடாகவோ வேறு வழியாகவோ ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினால், கிழக்கு யேர்மனி அரசு இடைவழி விசா கொடுத்தது. அங்கிருந்து நகர ரயிலில் பிரீட்றிக்ஸ்ராச நிலையம். அந்த நிலையம் கிழக்கில் இருந்தது. ஆனால் அதன் ஒரு பகுதியிலிருந்து மேற்கு பேர்லினுக்கு ரயில் ஓடியது. கிழக்குப் பக்கத்துப் பரிசோதனையைத் தாண்டிவிட்டால் மேற்குப் பக்கத்தில் வழமையான கடவுச்சீட்டுப் பரிசோதனை இல்லை. நகரின் நடுவே போன அந்தக் கோட்டை ஒரு நாட்டின் எல்லையாக மேற்கு நாடுகள் ஏற்றுக்கொள்ளாதமையே அதற்குக் காரணம். வல்லரசுகளின் பிணக்கில் ஒரு சிறு ஓட்டை. அதனூடாக எமது பிள்ளைகள் நுழைந்தார்கள். 1985 ஆடியில் தமிழருக்கு அந்த ஓட்டை அடைபட்டது. 1986 ஐப்பசியிலிருந்து, போய்ச் சேரும் நாட்டின் விசா இல்லாத எவருக்கும் அடைபட்டது. முன்னே வந்தவர் 1985 மாசியில் வந்தவர். தப்பினார் என்றுதான் சொல்லவேண்டும்.

நிலையத்தின் அருகே, கிழக்கிலிருந்து மேற்கே புறப்படுவோருக்கெனக் கண்ணாடியும் இரும்புமாக 1962இல் கட்டிய மண்டபம் ஒன்று உண்டு. மேற்கிலிருந்து வந்து தமது உறவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவோரைக் கிழக்கில் வாழ்ந்தவர்கள் அந்த வாசல் வரையில்தான் வந்து வழியனுப்பலாம். அங்கே நடந்த அழுகையால் அதற்குக் 'கண்ணீர் மாளிகை' என்ற பெயர் மக்கள் வாயில் ஏற்பட்டது. 2011 முதல் அது அருங்காட்சியகம்.

உள்ளே அக்காலத்துப் பரிசோதனைக் கூண்டு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய ஒடுக்கமான வழி. முன்னே வந்தவர் அதனுள் நுழைந்து நின்றார். அவருடைய கதை எமது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். நிலையத்தின் பெயரை யேர்மன் எழுத்தில் பார்த்து எழுதிய துண்டுக் கடதாசி. கூடவந்த மூன்று பெடியங்கள். கடவுச்சீட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த அலுவலரின் நீலக் கண்கள். மேற்கே போனதும் முதன்முதல் குடித்த பால். அதற்குக் கொடுத்த காசு. இம்முறையும் சொல்லத் தொடங்கினார். ஆனால் கேட்பதற்கு அருகில் ஆள் இல்லை.

பின்னே வந்தவர் மண்டபத்தின் மறுபக்கத்தில், வழியனுப்ப வந்தோர் வாசலில் நிற்கும் படங்களுக்கு முன்னே நின்றுகொண்டிருந்தார். பத்து நிமிடம் என்ற உடன்படிக்கை அங்கேதான் முறிந்தது. ஒரு மணித்தியாலத்திற்கு மேல் அவர் அவ்விடத்தை விட்டு அசையவில்லை.

பிறகு வாங்கில் அமர்ந்து அவர் சொன்னதை இருவருடைய சம்மதத்துடனும் இங்கே எழுதுகிறோம். 1985 தையில் எமக்குப் பதிவுத் திருமணம் மட்டுமே நடந்திருந்தது. மறுமாதம், கொடிகாமச் சந்தியில் ஒருவர் பஸ் ஏறினார்; மற்றவர் தாயாருடன் நின்று பார்த்தார். இளைஞர்களை வழியில் இறக்கிக் கொண்டுபோகும் காலம். வெளிநாடு போகிறார் என்று தெரியக்கூடாதென்பதற்காக, கொழும்புக்குக் கடைச் சாமான் எடுக்கப் போகிறார் என்றே அயலுக்குச் சொல்லியிருந்தோம். சாமான் எடுக்கப் போகிறவருக்காக யாரும் சந்தியில் நின்று அழுவதில்லை.

"அம்மா என்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, கண்ணைத் துடையாதை, சனம் பாக்குது எண்டவ. பஸ் போனாப்பிறகு மரக்கறி வாங்கிக்கொண்டுதான் வீட்டை போனனாங்கள். சும்மா கையோடை திரும்பினால் சந்தேகம் வருமெண்டு. ரெண்டு கத்தரிக்காயும் ஒரு பிடி கீரையும். இஞ்சை அழுகிறதுக்கெண்டு ஒரு மாளிகையே கட்டிக் குடுத்திருக்கிறாங்கள்."

முதற் கடிதம் மூன்று மாதங்களின் பின் கிடைத்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள். 1992இல் அவர் கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே வள்ளத்தில் கடந்து, வவுனியா ஊடாகக் கொழும்பை அடைந்து, விமானம் ஏறினார். பெரிய பேரக்குழந்தை வரைக்கும் பேர்லின் கதை தெரியும். கத்தரிக்காய்க் கதை எமது வீட்டில் அன்றுவரை எவருக்கும் தெரியாது. முன்னே வந்தவருக்கும் தெரியாது. பயணம் போனவர்களின் கதைகளைத்தான் நாம் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். பத்திரிகைகளிலும் அவையே வந்தன. நின்றவர்கள் எப்படி வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள் என்று கேட்டவர் குறைவு.

அடுத்த இடத்தைப் பின்னே வந்தவரே தெரிவு செய்தார். நிலத்தடி ரயிலில் இரண்டாவது தரிப்பு நோர்ட்பான்கோவ். மதில் இருந்த காலத்தில் அந்த நிலையம் மூடிக் கிடந்தது. மேற்கு ரயில்கள் அதன் இருண்ட மேடையை நிற்காமற் கடந்து போயின. மேலே ஏறினால் பேர்னவர் வீதி. மதிலின் ஒரு பகுதியை அங்கே அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள்; இல்லாத இடங்களில் துருப்பிடித்த இரும்புக் கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. கம்பிகளுக்கிடையே சிறுவர்கள் புகுந்து ஓடி விளையாடினார்கள்.

மதிலுக்குள் அகப்பட்டிருந்த பழைய தேவாலயம் ஒன்றை 1985 தையில் கிழக்கு யேர்மனி அரசு வெடிவைத்துத் தகர்த்தது. நாம் பதிவுத் திருமணம் செய்த அதே மாதம். அவ்விடத்தில் 2000ஆம் ஆண்டில் ஒரு சிறு வழிபாட்டிடத்தைக் கட்டினார்கள். அதன் சுவர், மண்ணைக் குழைத்து இடித்து இறுக்கி எழுப்பிய சுவர். பழைய தேவாலயத்தின் உடைந்த துண்டுகளையும் அந்த மண்ணுடன் சேர்த்திருக்கிறார்கள். பின்னே வந்தவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மண்வீட்டுக்குச் சாணி மெழுகி வளர்ந்த கை அது. "நல்லாய் இடிச்சிருக்கிறாங்கள்" என்று தீர்ப்புச் சொன்னார். வெளியே, ஒருகாலம் காவற்காரர் ரோந்து போன நிலத்தில், றை என்ற தானியத்தை விதைத்து ஆண்டுதோறும் அறுவடை செய்கிறார்கள். நாம் போனபோது வயல் வெறுமையாகக் கிடந்தது.

மதிலருகே உயிரிழந்தோரின் படங்களைச் சிறு சாளரங்கள்போல் அமைத்த நீண்ட சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். பேர்லின் மதிலில் குறைந்தது 140பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ஒவ்வொருவருக்கும் முகம் உண்டு, பெயர் உண்டு, திகதி உண்டு. 2017 மாசியில் கிளிநொச்சியில் தெருவோரக் கொட்டிலில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் படங்களைத்தான் ஏந்தியிருந்தார்கள். அவர்களுடைய படங்களில் பெயர் உண்டு; இறுதித் திகதி இல்லை. நாம் அதைப்பற்றி அங்கே பேசிக்கொள்ளவில்லை. ஒரு படத்தின் கீழே யாரோ வைத்துவிட்டுப் போன பூங்கொத்து காற்றில் விழுந்து கிடந்தது. எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தோம்.

விடுதிக்குத் திரும்பியபோது இருட்டிவிட்டது. ஒரு நாளில் இவ்வளவு தூரம் நடந்து பல வருடங்கள். கால்களை வெந்நீரில் வைத்திருக்கையில் மகள் ரெலிபோன் எடுத்தாள். தொலைக்காட்சிக் கோபுரத்தில் ஏறினீர்களா, கடைத்தெருவுக்குப் போனீர்களா என்று கேட்டாள். இரண்டுக்கும் இல்லை என்றதும், "அப்ப முழுநாளும் என்னத்தைப் பாத்தனீங்கள்?" என்றாள். வீட்டுக்கு வந்து சொல்கிறோம் என்றோம்.

பின்னே வந்தவர் தாளை எடுத்து மறுநாளுக்குரிய பகுதியை வாசித்தார். அருங்காட்சியகத் தீவு, அங்கே எகிப்திய அரசி நெபர்த்தீத்தியின் சிலை.

"நாளைக்கெண்டாலும் பழைய கதை இல்லைத்தானே?"

"மூவாயிரத்து முந்நூறு வருசத்துப் பழசு. அவவையும் களவாய்த்தான் கொண்டுவந்ததெண்டு எகிப்துக்காரர் இன்னும் வழக்காடுகினம்."

"பாவம். அப்ப அவவைக் கட்டாயம் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, அவர் பென்சிலை எடுத்துத் தாளின் அடியில் ஏதோ எழுதினார். மறைத்து வைத்திருந்ததைக் காலையில்தான் பார்த்தோம். 'மரக்கறிச் சந்தை' என்று எழுதியிருந்தது.